டீச்சருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

2020 மார்ச் 12 ஆம் திகதி வியாழக்கிழமை, மறுநாள் முதல் நாட்டின் எல்லாப் பாடசாலைகளும் மூடப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஏப்ரல் விடுமுறை முடியத் திறந்து விடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதற்குள் ஊரடங்கு வந்தது. நோன்பு வந்தது. பெருநாளும் வீட்டுக்குள்ளேயே கழிந்தது. பாடசாலைகள் கட்டம் கட்டமாகத் திறக்கத் தொடங்கியபோது ஜூலை ஆகிவிட்டது. ஒக்டோபரில் திரும்பவும் மூடினார்கள். 2021 இலும் பெரும் பகுதி இப்படியே போனது.

அந்த நாட்களில் பிள்ளைகளின் படிப்பு வீணாகிறதே என்று நாம் எல்லோரும் கவலைப்பட்டோம். டீச்சர்மார் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. எமது நாட்டின் அரச பாடசாலைகளில் கற்பிக்கும் நால்வரில் ஏறக்குறைய மூவர் பெண்கள். இருபது வருடமாக வெண்கட்டியும் கரும்பலகையுமாகப் படிப்பித்த ஒரு பெண்ணிடம், இனிமேல் போனில் படிப்பியுங்கள் என்று சொல்லப்பட்டது. எந்தப் போனில், யாருடைய காசில், எப்படி என்பதைச் சொல்லிக் கொடுக்க முதல் சில மாதங்களில் ஆளே இல்லை. கடிதங்களில் 'நிகழ்நிலைக் கற்பித்தல்' என்ற அழகான சொல் மட்டும் வந்தது.

அப்படியானால் டீச்சருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எமது கரையோரத்தில் எந்த ஊரில் கேட்டாலும் விடை ஒன்றுபோலத்தான் வருகிறது. உயர்தரம் படிக்கும் மகன், மகள். அடுத்த வகுப்பில் படிப்பிக்கும், புதிதாக நியமனம் பெற்ற இளைய டீச்சர். வட்ஸ்அப் குழுவை எப்படி ஆரம்பிப்பது, குரல் பதிவை எப்படி அனுப்புவது, கொப்பியில் பிள்ளை எழுதியதைப் படமெடுத்து அனுப்பினால் அதன் மேல் சிவப்புக் கோடு போட்டு எப்படித் திருத்துவது என்று வயதில் இளையவர்கள் மூத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சி என்று யாரும் பெயர் வைக்காவிட்டாலும், அண்மைக் காலத்தில் இப்பகுதி ஆசிரியைகளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பயிற்சி அதுதான் என்பது எமது எண்ணம்.

மஹரகமவுக்குப் போக முடியாதவர்கள்

இதன் பெறுமதி விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் உருவான தேசிய கல்வி நிறுவகம் கொழும்புக்கு அருகே மஹரகமவில் இருக்கிறது. பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, புதிய பயிற்சி எல்லாம் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும். கல்முனையிலிருந்து அங்கே போவதென்றால் ஓர் இரவு முழுக்க பஸ் பயணம். யுத்த காலத்தில் அதே பயணம் எத்தனை சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியது என்பதை எம்மில் பலருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாப்பாவோ கணவரோ கூட வராமல் ஒரு பெண் போக முடியாது. கணவரை இழந்தவருக்குக் கூட்டிப் போகவும் ஆளில்லை, பிள்ளைகளை விட்டுப் போகவும் இடமில்லை. ஆகவே தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்து பத்து வருடம் படிப்பித்தும் ஒரு பயிற்சியின் வாசலைக்கூட மிதிக்காத பெண்கள் இங்கே இருந்தார்கள். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை இருந்தபடியால் சிலருக்காவது வழி கிடைத்தது.

1980களில் ஆரம்பமான தொலைக்கல்விப் பயிற்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். பயிற்றப்படாத ஆசிரியர்கள் 'மொடியூல்' எனப்படும் சிறு நூல்களை வீட்டிலே படித்தார்கள், ஒப்படை எழுதி அனுப்பினார்கள், வார இறுதியில் பக்கத்து நிலையமொன்றில் போதனாசிரியரையும் மற்ற ஆசிரியர்களையும் சந்தித்தார்கள். இணையமும் போனும் இல்லாத அந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல விடயம் இருந்தது. காகிதம் வீட்டுக்கு வந்தாலும், பாடத்தைப் பற்றிப் பேச ஒரு மனிதரின் முன்னால் போய் இருக்க வேண்டியிருந்தது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யுத்தம் கொண்டு வந்த இன்னொரு இழப்பு, ஒருவரை ஒருவர் காணாமல் போனது. பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி நிற்கும் கரை இது. 1990 க்குப் பின்னர் பக்கத்து ஊர்ப் பாடசாலைக்குப் போய்ப் படிப்பிக்க இரு பக்கத்து ஆசிரியர்களும் அஞ்சிய காலம் உண்டு. ஒரே பாடத்தை, ஒரே மொழியில், ஒரு மைலுக்கு அப்பால் படிப்பித்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியரானார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி எந்த ஊர் என்று பார்க்காமல் அள்ளிச் சென்றது. 10,000 க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்து, மாவட்டங்களிலே ஆகக் கூடிய உயிரிழப்பை அம்பாறைதான் கண்டது. அதற்குப் பின் நடந்த பயிற்சிப் பட்டறைகளில் இரு ஊர் டீச்சர்மாரும் ஒரே பாயில் இருந்தார்கள். பட்டறை முடிய அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள். தொடர்பு வைத்திருக்க அன்று வழி இருக்கவில்லை. இன்று ஒரே பாடத்தைப் படிப்பிப்பவர்களின் குழுவில் ஒரு வினாத்தாள் வந்தால், அது எந்த ஊரில் தயாரானது என்று யாரும் கேட்பதில்லை. கணக்குச் சரியா என்றுதான் பார்க்கிறார்கள். சின்ன விடயம்தான். ஆனால் பல சமாதானக் கூட்டங்களில் கிடைக்காத ஒன்று.

ஒரு போன், மூன்று பிள்ளைகள்

ஆனால் அந்தக் காலத்தை இனிப்புப் பூசிச் சொல்லவும் கூடாது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணக்கின்படி இலங்கையில் கணினி வைத்திருந்த வீடுகள் நூற்றுக்கு 22 அளவில்தான். எனவே படிப்பு முழுவதும் போனில்தான் நடந்தது. அந்தப் போன் பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்று. வாப்பா கடலுக்கோ கடைக்கோ கொண்டு போய்விட்டால் இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் பிள்ளைக்குப் பாடம். மூன்று பிள்ளைகள் இருந்தால் பெரியவருக்கு முதலிடம், சின்னவருக்கு மிச்சம்.

டீச்சரின் வீட்டிலும் இதே நிலைதான் என்பதைப் பலர் யோசிக்கவில்லை. அவருக்கும் ஒரு போன், அவருக்கும் படிக்கும் பிள்ளைகள். டேட்டா ரீலோட் அவரது சம்பளத்தில். பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்கும் மாணவர்களுக்கும் 2020 இல் 'லேர்ன்' வலையமைப்பினூடாக சூம் வகுப்புகளுக்குக் கட்டணமில்லாத வசதி செய்யப்பட்டது. தரம் 3 டீச்சர் நடத்திய வட்ஸ்அப் வகுப்புக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை.

இன்னொரு தொல்லை தமிழ் எழுத்து. கணினி வைத்திருந்த ஆசிரியை இரவு முழுக்க இருந்து பாமினி எழுத்துருவில் வினாத்தாள் தட்டச்சுச் செய்து அனுப்புவார். வாங்கியவரின் போனில் பாமினி இராது. 'அம்மா' என்று அடித்த சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாய் வந்து நிற்கும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்த பழைய முறை. எழுத்துரு இல்லாத இடத்தில் முகமூடி கழன்று விடுகிறது. யுனிகோட் முறையில் அடித்தால் எந்தப் போனிலும் தமிழாகவே வரும். பாமினியில்தான் கை பழகிவிட்டது என்றால் பிடிஎப் ஆக மாற்றி அனுப்பினால் போதும். இந்த இரண்டு வரியை ஒருவர் முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும். பயிற்சி என்பது சில வேளைகளில் இவ்வளவு சின்ன விடயம்தான்.

வீட்டில் போனைப் பிடித்தபடி பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவர் உம்மா. அவர் 1990 இல் இடம்பெயர்ந்தபோது தரம் 5 உடன் படிப்பை விட்டவராக இருக்கலாம். டீச்சர் எழுதி அனுப்பிய நீண்ட செய்தியைப் படிக்கத் தடுமாறினார். அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டார். அவரது பிள்ளை 'ஒப்படை அனுப்பாத பிள்ளை' என்ற பட்டியலில் சேர்ந்தது. இதைக் கண்டுகொண்ட டீச்சர்மார் எழுதுவதைக் குறைத்துக் குரலில் அனுப்பினார்கள். "உம்மா, இண்டைக்கு ஒரு கதைதான், பிள்ளையப் பக்கத்துல வெச்சிக் கேளுங்க" என்ற மாதிரி. அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

2021 ஜூலை 12 இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படியும், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தும் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபர் பிற்பகுதி வரை அது நீடித்தது. தாய்மார் பலர் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். ஆனால் சொந்தப் போனையும் சொந்தக் காசையும் போட்டு ஒன்றரை வருடம் படிப்பித்தவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடி. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிபொருள் இல்லாமல் ஜூன், ஜூலையில் பாடசாலைகள் மூடி, ஜூலை இறுதியில் திறந்தபோதும் வாரத்தில் மூன்று நாட்கள்தான். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து படிப்பிக்கச் சொன்னார்கள். கரண்ட் இல்லாத வீட்டில் போனை எங்கே சார்ஜ் பண்ணுவது என்பதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் விடை இருக்கவில்லை.

வேறு நாடுகளில் என்ன கண்டார்கள்

இப்போது பாடசாலைகள் வழமைபோல நடக்கின்றன. ஆனால் சூம் பயிற்சிகள் நிற்கவில்லை. பயணச் செலவு இல்லை, மண்டபம் தேவையில்லை, சாப்பாட்டுப் பார்சல் தேவையில்லை என்பதால் அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அது வசதி. எமது ஆசிரியைகளுக்கும் அது போதுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தென்னாபிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில் 180 பாடசாலைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி. ஒரு பகுதிப் பாடசாலைகளுக்கு ஆலோசகர் நேரில் வந்து, வகுப்பின் பின்னால் இருந்து பார்த்து, பிறகு பேசினார். இன்னொரு பகுதிக்கு அதே பாடக் குறிப்புகள் டெப்லட்டில் கிடைத்தன. ஆலோசகர் போனிலும் வட்ஸ்அப்பிலும் பேசினார். மூன்றாவது பகுதி எந்தப் பயிற்சியும் இன்றி வழமைபோல நடந்தது. முதல் வருட முடிவில் இரண்டு பயிற்சி முறைகளும் ஏறக்குறைய சமம் என்று தோன்றியது. மூன்று வருட முடிவில் வேறுபாடு தெரிந்தது. நேரில் ஆள் வந்த பாடசாலைகளின் பிள்ளைகள் பேசுவதிலும் வாசிப்பதிலும் முன்னேறியிருந்தார்கள். டெப்லட் பாடசாலைகளில் பேச்சில் சிறு முன்னேற்றம், வாசிப்பில் ஒன்றுமில்லை, பிள்ளைகளின் தாய்மொழி வாசிப்பு கொஞ்சம் பின்தங்கியும் இருந்தது. கருவி பழுதாகவில்லை, டீச்சர்மார் அதைப் பாவிக்கத் தெரியாமலும் இருக்கவில்லை. பக்கத்தில் வந்து இருந்து பார்க்கும் ஒரு மனிதரின் இடத்தைக் கருவியால் எடுக்க முடியவில்லை. எமது பழைய மொடியூல் பயிற்சியின் வார இறுதிச் சந்திப்பை இப்போது நினைத்துப் பாருங்கள்.

அதற்காகப் போனை ஒதுக்கி விடவும் முடியாது. ஆபிரிக்காவின் பொட்ஸ்வானாவில் 2020 இல் 4,500 க்கும் மேற்பட்ட குடும்பங்களில் ஒரு பரிசோதனை. இணையம் இல்லாத சாதாரண போன். சில குடும்பங்களுக்கு வாரம் ஒருமுறை கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் போயின. சில குடும்பங்களுக்கு அந்தச் செய்தியோடு, ஆசிரியர் ஒருவர் வாரத்துக்கு இருபது நிமிடமளவில் தாயுடனும் பிள்ளையுடனும் பேசினார். பேசிய வீடுகளின் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள். செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லத்தக்க மாற்றமில்லை. வட்ஸ்அப் குழுவில் நாற்பது பேருக்கு ஒரே பிடிஎப் அனுப்பிவிட்டுப் படிப்பித்தேன் என்று கணக்கு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபர் 27 இல் மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. எமது பெண்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஏறக்குறைய இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊரில் வீட்டோடு இருக்கும் படித்த பெண்கள், மாலையில் ஒன்று ஒன்றரை மணித்தியாலம் இருபது பிள்ளைகள் வரை சேர்த்துப் படிப்பித்தார்கள். விண்ணப்பம், வரவுப் பதிவு எல்லாம் இணையத்திலும் போன் செயலியிலும். மாதக் கொடுப்பனவு ஆயிரம் இந்திய ரூபா. பாடம் மட்டும் வீட்டுத் திண்ணையில், பிள்ளையின் முகத்தைப் பார்த்து. பாடசாலை திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தப் பெண்களின் மாலை வகுப்புகளால் வந்ததாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த ஆயிரம் ரூபா போதுமா என்பது வேறு கேள்வி. எமது முன்பள்ளி டீச்சர்மாரும் அதே கேள்வியைத்தான் வருடக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள்.

நம்பரைக் கொடுப்பதற்கு முன்

பெண் என்பதால் வரும் சிக்கல்களும் உண்டு. இவை எந்தப் பயிற்சி அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

முதலாவது நேரம். சூம் கூட்டத்தைப் பின்னேரம் ஆறு மணிக்கு வைப்பவர் யாராயினும் மக்ரிப் தொழுகையையும் இரவுச் சாப்பாட்டையும் மறந்தவராகத்தான் இருக்க வேண்டும். கமராவைத் திறக்காத ஆசிரியை கவனமில்லாதவர் என்று முடிவு செய்வதும் நடக்கிறது. ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீடு அது, தலையை மூடாமல் நிற்கும் மகளும் பின்னால் இருப்பாள் என்பது நடத்துபவருக்குத் தெரிய வேண்டும். குரலில் பதில் சொன்னால் போதும் என்று முதலிலேயே அறிவித்து விடலாம்.

இரண்டாவது, டீச்சரின் நம்பர் நாற்பது வீட்டுப் போன்களில் இருக்கிறது. அந்தப் போனை உம்மா மட்டும் பாவிப்பதில்லை. இரவில் தெரியாத அழைப்பு, படத்தை எடுத்துப் பகிர்தல், பாடக் குரல் பதிவைக் கேலிக்கு வேறு இடத்தில் போடுதல் எல்லாம் நடக்கக் கூடியவை. தனியாக வாழும் பெண்ணுக்கு இதன் பாரம் இரட்டிப்பு, ஊரார் முதலில் அவளைத்தான் விசாரிப்பார்கள். வட்ஸ்அப்பின் தனியுரிமைப் பகுதிக்குப் போய் உங்கள் படத்தை யார் பார்க்கலாம், உங்களைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்ற இரண்டையும் 'எனது தொடர்புகள்' என்று மாற்றி விடுங்கள். பெற்றோர் குழுவில் நிர்வாகி மட்டும் செய்தி போடும்படி வைக்கலாம். தொல்லை வந்தால் அழிக்காமல் திரைப்படம் எடுத்து வையுங்கள், அதுதான் சாட்சி. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர் தொடர்பான முறைப்பாட்டுக்கு 1929. வீட்டில் சொன்னால் போனைப் பறித்து விடுவார்கள் என்று பயந்து பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தைக் குறைப்பதில் அதிபருக்கும் பங்குண்டு. இரவு எட்டு மணிக்குப் பிறகு டீச்சருக்கு எடுக்க வேண்டாம் என்று பாடசாலையே பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்கட்டும்.

எட்டுப் பேர் போதும்

முன்பள்ளி டீச்சர்மாருக்கு, குறிப்பாகத் தனித்தனியே ஒரு அறையில் இருபது பிள்ளைகளுடன் இருப்பவர்களுக்கு, ஒரு யோசனை. பெரிய குழு வேண்டாம். 200 பேர் உள்ள குழுவில் காலை வணக்கமும் துஆவும் மரண அறிவித்தலும்தான் நிறையும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஏழெட்டுப் பேர் சேருங்கள். சாய்ந்தமருதும் காரைதீவும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. வாரத்துக்கு ஒரே ஒரு விடயம். இந்த வாரம் கதை சொல்லல் என்றால் ஒவ்வொருவரும் தன் வகுப்பில் கதை சொன்ன மூன்று நிமிடக் குரல் பதிவை அனுப்பட்டும். பிள்ளைகளின் முகம் வரும் வீடியோ வேண்டாம், பெற்றோரின் அனுமதி இல்லாமல் அது கூடவே கூடாது. கேட்டவர்கள் நன்றாக இருந்த ஒன்றும், வேறுவிதமாகச் செய்து பார்க்கக்கூடிய ஒன்றும் சொல்லட்டும். வெறும் பெருவிரல் படம் போடுவது பதில் அல்ல.

மாதத்துக்கு ஒரு நாள் ஒருவரின் முன்பள்ளிக்கு மற்றவர்கள் நேரில் போக வேண்டும். பஸ் காசுக்கு வழி இல்லையென்றால் இரண்டு பேராவது போகட்டும். தென்னாபிரிக்காவில் போனால் செய்ய முடியாமல் போனது இந்த வேலையைத்தான். வலயத்தின் ஆசிரிய ஆலோசகரையோ பாலர் பாடசாலைப் பணியகத்தின் உத்தியோகத்தரையோ அந்த நாளுக்குக் கூப்பிடலாம். வந்தால் நல்லது, வராவிட்டாலும் நடத்துங்கள்.

தரம் 1 தொடக்கம் மேல் வகுப்பு வரை பாடப்புத்தகங்கள் தமிழிலும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில். பாடங்களும் பயிற்சிகளும் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில். எட்டுப் பேரும் டேட்டாவைச் செலவழிக்கத் தேவையில்லை. நல்ல இணைப்பு உள்ள ஒருவர் இறக்கி, மாதச் சந்திப்பு நாளில் மெமரி கார்ட்டிலோ புளூடூத்திலோ மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அன்று சார்ஜரையும் கொண்டு போக வேண்டும்.